திருப்புக்கொளியூர்ப் பதிகமும் சோர்வுற்றார் கொள்ளும் பொருளும்

திருமுறைப் பாடல்களை ஓதுவார் அவற்றின் சொற்பொருளோடு அமையாது, தத்தம் வாழ்க்கையிற் பட்ட துயருக்கும் அவற்றுள் பொருள் காண முயல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். திருமுறை ஏட்டிற் கயிறு சாத்தி, வாய்த்த பாட்டினைத் திருவருளின் விடையாகக் கொள்ளும் முறை இதற்குச் சான்றாம். சுரம் வந்துழித் திருநீலகண்டப் பதிகமும், கோள்களின் தீங்கிற்கு அஞ்சியவழிக் கோளறு பதிகமும் ஓதப்பெறுதலும் இதன்பாற் படுவனவே. எனினும், மருத்துவ நூலார் மனச்சோர்வு என வழங்கும் நோயுற்றார் ஒரு பதிகத்தைத் தம் நிலைக்குப் பொருத்திக் கொள்ளுங்கால் நேர்வன இரண்டு. ஒன்று, அப்பாட்டு அவர்க்குத் துணையாதல். மற்றொன்று, அப்பாட்டே அவர்மேற் குற்றஞ் சாட்டுவதாய் முடிதல். ஒரே பாட்டு இவ்விரண்டுமாதற்குக் காரணம் பாட்டின்கண் உள்ளதோ, அதனைக் கொள்ளும் முறைக்கண் உள்ளதோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்குக் கொங்கு நாட்டுத் திருப்புக்கொளியூர் அவிநாசிப் பதிகம் பெரிதும் ஏற்புடையது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய ஏழாந் திருமுறையில் 92ஆம் பதிகமாக, குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது அது. அவர் பாடிய திருமுருகன்பூண்டிப் பதிகம் அத்திருமுறையில் 49ஆவது, பண் பழம்பஞ்சுரம். இவ்விரு தலங்களும் 2009ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைக்கப்பெற்ற திருப்பூர் மாவட்டத்தில், திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் நெறியில், ஒன்றற்கொன்று அணித்தாக உள்ளன. அந்நெறியின் இருமருங்கும் இன்று பின்னலாடைத் தொழில் பரவியிருக்கின்றது. நூலைத் துணியாகப் பின்னுவோர் ஓரிடம், சாயமேற்றுவோர் ஓரிடம், வெட்டுவோர், தைப்போர், பிழை பார்ப்போர், அடுக்கிக் கட்டுவோர் வேறு வேறிடம். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தால் இரவும் பகலும் ஓயாத வேலை. வாராவிடிற் கூலி இல்லை. தென் மாவட்டங்களினின்றும் ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய மாநிலங்களினின்றும் வந்தோர் பலர், உற்றார் எவருமின்றி ஓரறையில் நால்வர் ஐவராக வைகிப் பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றனர். நொய்யலாற்றின் மாசு காரணமாகச் சென்னை உயர்நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டபோதும், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போதும், வேலையிழந்தோர் பட்ட அல்லல் நாடறிந்தது. இத்தகைய ஊரிற் சோர்வுற்று எழாது கிடப்பான் ஒருவனை நோக்கி, ‘அவிநாசிக்குச் செல், பதிகம் ஓது’ என்று அன்பர் கூறுதல் இயல்பேயாம். அஃது நல்லுரையுமாம். அவ்வுரைக்குப் பின் அவர்கள் பாட்டிற்குக் காட்டும் பொருளே ஆராய வேண்டுவது.

முதலிற் சோர்வின் இயல்பினை நோக்குவோம் எனின், மருத்துவர் கூறுவது இது: இரண்டு வாரங்கட்குக் குறையாமல், நாளின் பெரும்பொழுதும் உள்ளம் தாழ்ந்து கிடத்தலும், முன் இன்பம் தந்தவற்றில் விருப்பம் அற்றுப்போதலும், உறக்கமும் பசியும் திரிதலும், தான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணம் ஓங்குதலும், சிலர்க்கு இறந்துபடும் நினைவு எழுதலும் இந்நோயின் குறிகளாம். உறுபொருள் இழந்தார்க்கு வரும் வருத்தம் வேறு, இந்நோய் வேறு. அவ்வருத்தம் இந்நோய்க்கு வாயிலாகலாம். வெளிப்படையான காரணம் ஒன்றுமின்றியும் இந்நோய் வரலாம்.

சித்தாந்த நூல்கள் இதனை ஒரு நோயின் பெயரால் எடுத்தோதாவிடினும், இதன் கூறுகளை அறியாதன அல்ல. அருணந்தி சிவாசாரியார் இருபா இருபஃதில் மும்மலங்களின் குணங்களைப் பகுத்துரைக்குங்கால், ‘அஞர்’ எனப்படும் துயரினை ஆணவத்தின் குணங்களுள் வைத்தார். அயர்வினையும் பயத்தினையும் மாயையின் குணங்களுள் வைத்தார். இருத்தலையும் கிடத்தலையும் கன்மத்தின் குணங்களுள் வைத்தார். துயருறுதல், அயர்ந்து அஞ்சுதல், செயலற்றுக் கிடத்தல் என்னும் இம்மூன்றும் ஒருங்கு கூடிய நிலையே சோர்வுற்றான் நிலை. இவற்றை ஆசிரியர் ஒரு மலத்தின்மேல் ஏற்றாது மூன்றன்மேலும் பகுத்து வைத்தமையால் ஓருண்மை பெறப்படும். இக்குணங்கள் மும்மலமுடைய சகலர் அனைவர்க்கும் பொதுவாவன. ஒருவனிடத்து இவை மிக்குத் தோன்றுதல் கொண்டு, அவன் ஏனையோரினும் அன்பிற் குறைந்தவன் என முடிவு கட்ட நூலில் இடமில்லை.

‘எல்லாம் அவனவன் வினைப்பயன், அவன் நொந்து என் பயன்?’ என்பாரும் உளர். அவர் கருதற்பாலது ஒன்றுண்டு. கிடத்தலைக் கன்மத்தின் குணமெனக் கூறிய அவ்விடத்தேயே, பரநிந்தையினையும் ஆசிரியர் அதன் குணங்களுள் ஒன்றாக எண்ணியுள்ளார். எழமாட்டாது கிடப்பவனும், அவனைப் பழித்து நிற்பவனும் ஒரே மலத்தின் இருவேறு குணங்கட்கு ஆட்பட்டவர்களே. வினைக்கொள்கை தன்னைத் தான் ஆராய்தற்கு உரிய விளக்கு. அதனைப் பிறர் முகத்தெதிரே பிடித்து அவர் கண்ணைக் கூசச் செய்தல் அந்நூலின் கருத்தன்று.

இனிப் பதிகத்திற்கு வருவோம். அவிநாசிப் பதிகத்தின் மூன்றாந் திருப்பாட்டு, எங்குச் செல்லினும் பெருமானை நினைந்தவழிக் கொங்கு நாட்டிற் புகுந்தாலும் ஆடை பறித்து வழிமறிப்பார் இல்லை என்னும் கருத்தினது. சோர்வுற்றார்க்கு அறிவுரை கூறப் புகுவார் இப்பாட்டினை எளிதில் எடுத்துக் கொள்வர். ‘நினைந்தார்க்குக் கொள்ளை இல்லை, நின் உள்ளத்தின் ஊக்கம் கொள்ளை போயிற்றெனின், நீ நினைந்திலை’ என்பது அவர் வருவிக்கும் பொருள். தன்னைத் தானே பழிக்கும் இயல்பினதாகிய இந்நோயால் வாடுவான், பிறர் கூறாமலே இப்பொருளைத் தானே கொள்ளுதலும் உண்டு. தருக்க முறையால் நோக்கினும் இது குற்றமுடையது. நினைந்தார்க்குக் கொள்ளை இல்லை என்றதனால், கொள்ளையுற்றார் யாவரும் நினையாதவர் என்பது அப்பாட்டின் வாய்மொழியன்று, கேட்போர் கூட்டிக்கொண்டதே.

இதனைத் தருக்கத்தினும் வலிதாக மறுப்பது திருமுருகன்பூண்டிப் பதிகம். அவிநாசிப் பாட்டில் வரும் ‘கூறை’ கொள்ளுதல், ‘ஆறலை’த்தல் என்னும் அவ்விரு சொற்களே பூண்டிப் பதிகத்தும் வருகின்றன. ஆண்டு அவை இல்லாத தீங்கினைக் குறிப்பன அல்ல. கண்முன் நிகழும் தீங்கினைக் குறிப்பன. வில்லேந்திய வேடுவர் வழிச்செல்வாரை வெருட்டியும் அடித்தும் உடையினைப் பறிக்கும் ஊர் இஃது எனவும், இவ்வூரிற் பெருமான் எதன்பொருட்டு வீற்றிருக்கின்றார் எனவும் அப்பதிகம் பாட்டுத்தோறும் வினவுகின்றது. சேரமான் பெருமாள் வழங்கிய பெருநிதியோடு மீண்ட நம்பியாரூரரை, இறைவன் ஏவலாற் பூதங்கள் வேடுவர் உருக்கொண்டு கொள்ளையிட்டன எனச் சேக்கிழார் சுவாமிகள் கழறிற்றறிவார் நாயனார் புராணத்துள் உரைப்பர். ஆகவே, பெருமானைத் தோழராகப் பெற்று, அவரை மறவாது நினைந்தவரே இக்கொங்கு நாட்டிற் கொள்ளையுற்றார். நினைவு குன்றியமையால் அது நேர்ந்ததெனப் புராணம் கூறிற்றில்லை.

இரு பதிகங்களின் முறைவைப்பும் கருதத்தக்கது. பூண்டி நிகழ்ச்சி சேரமான்பால் முதன்முறை சென்று மீளுங்கால் நிகழ்ந்தது. அவிநாசி நிகழ்ச்சி, பின்னர் மீண்டும் மலைநாட்டிற்குச் செல்லும் வழியில் நிகழ்ந்ததாக வெள்ளானைச் சருக்கத்தில் வருகின்றது. எனவே, கொங்கில் வழிமறிப்பார் இல்லையென்னும் உரை, அந்நாட்டில் ஒருகால் வழிமறிக்கப்பட்டவர் பின்னர்க் கூறிய உரையாகின்றது. துன்பமே அறியாதான் ஒருவன் துன்புற்றானுக்குக் கூறும் அறிவுரையாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. இழந்தவனொருவன், இழந்த இடத்திலேயே மீண்டும் அடிவைக்குங்காற் கூறிக்கொள்ளும் உறுதியுரை அது. பூண்டியின் முறையீட்டை விடுத்து அவிநாசியின் உறுதியை மட்டும் சோர்வுற்றானிடம் வேண்டுவார், பாடியவரே கடந்து சென்ற வழியை அவனுக்கு மறுக்கின்றவர் ஆவர்.

பூண்டிப் பதிகத்தில் நோக்கத்தக்க மற்றொரு நயமும் உண்டு. தம் பொருள் பறிபோயிற்று என்னும் முறையீட்டினை முன்வைத்து அப்பதிகம் நடக்கவில்லை. வழிச்செல்வார் அனைவர்க்கும் அவ்வூரில் நிகழ்வது இஃது எனப் பொதுவில் வைத்து, அதன்பின் அதற்குரியாரை நோக்கி வினவுகின்றது. சோர்வுற்றான் பேச்சோ, பெரும்பாலும் ‘என்னாற் கெட்டது, என் குறை’ எனத் தன்னளவில் மடங்கி நிற்கும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு எனச் சித்தாந்தம் கூறுதலின், இருளைச் சார்ந்த உயிர் ‘என்னை இருள் மறைத்தது’ என்று அறியாது, ‘யானே இருள்’ என்று துணிகின்றது. அவ்வுயிர்க்குத் தன் துயரினைத் தன்னின் வேறாக நிறுத்திக் காணவும், அதனை முன்னிலையில் ஒருவரிடம் எடுத்துரைக்கவும் இத்தகைய பதிகங்கள் வாய்ப்பளிக்கின்றன. அவிநாசிப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே, பெருமானைப் படர்க்கையிற் கூறத் தொடங்கிய மொழி அடுத்து முன்னிலையாகத் திரும்புகின்றது. திருவாரூரில், கண்ணிழந்த நிலையிற் செந்துருத்திப் பண்ணிற் பாடப்பெற்ற 95ஆம் பதிகமோ, தோழரை நோக்கிய கசந்த முறையீடாகவே நடக்கின்றது. அதனைத் திருமுறை விலக்காது தன்னுட் கொண்டமையால், துயருற்றார் இறைவனை நொந்து பேசுதலும் வழிபாட்டின் எல்லைக்குள் அடங்கும் என்பது பெறப்படும்.

இனி, அவிநாசிப் பதிகம் எழுந்த வரலாற்றினைச் சேக்கிழார் கூறியவாறு நோக்குக. நம்பியாரூரர் அவ்வூர் மறுகில் வருங்கால், ஒரு மனையில் மங்கல ஒலியும் அதன் எதிர்மனையில் அழுகை ஒலியும் ஒருங்கு கேட்டன. ஐந்தாண்டுப் பருவத்துச் சிறார் இருவர் குளத்தில் நீராடச் சென்று, ஒருவனை முதலை விழுங்க, மற்றொருவன் பிழைத்தான். பிழைத்தவனுக்கு உபநயனம் நிகழும் நாளில், இழந்தார் மனையில் அழுகை எழுந்தது. சோர்வின் ஒரு கொடிய கூறு இங்குள்ளது. பிறர் இல்லத்து மகிழ்ச்சி, ஒருவனது பழம்புண்ணைப் புதிதாக்குகின்றது. ஆண்டுகள் பல கழிந்தன என்பது அத்துயர்க்கு மருந்தாயிற்றில்லை.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் நுண்ணியது. மகனையிழந்த தாய்தந்தையர் நம்பிகள் எழுந்தருளினமை அறிந்து, தம் துன்பத்தை மறைத்து, மலர்ந்த முகத்தோடு வந்து பணிந்தனர். அவர் முகமலர்ச்சியோடு அமையாத நம்பிகள், மகனை இழந்தவர் நீங்களோ என வினவினார். அது முன்னே நிகழ்ந்ததொன்று. அடிகளைக் காணுதலே தம் விருப்பம் என்பதுபட அவர்கள் விடையிறுத்தனர். துயருற்றார் பலர் இவ்வாறே நடப்பர். தையற்பொறியின்முன் அமர்ந்து நாள்முழுதும் ஓய்வின்றித் தைத்து, உடன் பணிபுரிவாரோடு சிரித்துப் பேசி, சனிக்கிழமைக் கூலியை ஊருக்கு அனுப்பி வைப்பவன் உள்ளத்தில் யாது உளது என்பதை அவன் முகம் காட்டுமென்பது உறுதியன்று. கேட்டாலும், ‘அது பழங்கதை’ என்பான். நம்பிகள் முகத்தைக் கண்டு அமைந்திருப்பாராயின் பதிகம் எழுந்திராது. அவர்கள் கூறிய விடையைக் கேட்டு மேற்சென்றிருப்பினும் எழுந்திராது.

அதன்பின்னரே அவர் குளக்கரையை அடைந்து பாடினார். நான்காந் திருப்பாட்டிற் காலனும் முதலையும் பிள்ளையைத் தருமாறு வேண்டுதல் அமைந்துள்ளது. கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு மகன் கரையேறினான் என்பதும், அவனுக்கும் உபநயனம் நிகழ்ந்தது என்பதும் புராணம். இவ்வற்புதத்தினை நம்புவார் அதனால் உரம் பெறுவர். ஆயினும், இறந்த மகவு மீளாத இல்லங்களே உலகில் மிகுதி; அவ்வில்லத்தாரும் இப்பதிகத்தை ஓதுகின்றனர். அவர்க்கு இதன் பொருள் யாது?

பதிகத்தின் இறுதித் திருப்பாட்டு, இதனைச் சொல்ல வல்லார்க்குத் துன்பம் இல்லை என முடிகின்றது. இங்கேயே சோர்வுற்றார் பலர் இடறுகின்றனர். ‘பன்னாள் ஓதினேன், துன்பம் தீரவில்லை. ஆதலின் யான் வல்லேன் அல்லேன்’ என்பது அவர் கொள்ளும் முடிவு. வேறு சிலர்க்கோ வாயைத் திறந்து ஓதுதற்குரிய ஊக்கமே இல்லை. நோய் முதற்கண் கவர்ந்து செல்வது அந்த வன்மையைத்தான். அவ்வன்மை உடையார்க்கே பயன் எனின், அஃது இல்லார்க்குப் பதிகத்தால் ஆவது என்னை என்பது தடை.

இத்தடைக்கு விடை வரலாற்றினுள்ளேயே இருக்கின்றது. அவிநாசியில் மகனை இழந்தார் யார்? அத்தாய்தந்தையர். பாடினார் யார்? நம்பியாரூரர். துயருற்றார் ஓர் அடியும் பாடவில்லை. பாடுமாறு அவர்களை எவரும் ஏவவுமில்லை. அவர்கள் அன்பு குறைந்தவர் என்றோ, வினையாளர் என்றோ ஒரு சொல்லும் எழவில்லை. வல்லவர் ஒருவர், மாட்டாதவர் பொருட்டுத் தாமே பாடினார். பயன் மாட்டாதவர்க்கு எய்திற்று. ஆகவே, ‘வல்லார்’ என்னும் சொல்லைத் துயருற்றான்மேல் வைத்து அவனை அளத்தல் இப்பதிகத்தின் வரலாற்றொடு முரணும். அச்சொல் அவனைச் சூழ இருப்பார்மேல் ஒரு கடமையாய் வந்து நிற்கின்றது. கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருநீலகண்டப் பதிகம் பாடினவரும் நோயுற்ற அவ்வடியார்கள் அல்லர். அவர்பொருட்டுத் திருஞானசம்பந்தரே பாடினார். இரண்டிடத்தும் நெறி ஒன்றே.

‘இவ்வாறாயின் பதிகம் ஒன்றே அமையும், மருத்துவர் எதற்கு?’ என ஒரு வினா எழலாம். திருக்கோயிலும் மருத்துவமும் பகையென முன்னோர் கருதினாரல்லர். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, அவ்வூர்த் திருமால் கோயிலைச் சார்ந்து பதினைந்து படுக்கைகளோடு நடந்த மருத்துவசாலையினையும், ஆண்டு வைக்கப்பெற்ற மருந்துகளையும் கூறுகின்றது. நோய்க்கு மருந்துண்ணல் திருவருளை ஐயுறுதலாகாது. மருந்தினையும் மருத்துவனையும் திருவருள் கூட்டுவித்த துணையாகக் கோடலே சைவ நெறிக்கு ஏற்றது. இற்றைநாட் சட்டமும் பழியை விலக்கியே நிற்கின்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தன்னுயிரைப் போக்க முயன்றானைக் கடுமையான மன அழுத்தத்திற்கு ஆட்பட்டவன் எனக் கொண்டு, தண்டனைக்கு உரியவனாகாமற் காக்கின்றது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசித் துணையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் பிற மொழிகளிலும் அழைக்கலாம். ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் வந்த தொழிலாளர்க்குத் தம் மொழியிற் பேச வழியுளது என்பதை அறிவித்தலும் அவிநாசிப் பதிகம் ஓதுவார் செய்யத்தக்க தொண்டேயாம்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன: பாடலில் தன் துயருக்குப் பொருள் காணுதல் குற்றமன்று, அதற்கு மரபின் இடம் உண்டு. ஆயினும் ஒரு பாட்டினைப் பதிகத்தினின்றும், ஒரு பதிகத்தினை அது பிறந்த வரலாற்றினின்றும் பிரித்தெடுத்துத் துயருற்றான்மேல் எறிதல் குற்றம். மூன்றாம் பாட்டினைக் கொள்வார் பூண்டிப் பதிகத்தினையும் உடன்கொள்ளல் வேண்டும். இறுதிப் பாட்டினைக் கொள்வார் குளக்கரையிற் பாடினவர் யார் என்பதையும் நினைதல் வேண்டும். கயிறு சாத்தி ஒரு பாட்டினைப் பெற்றாரும், அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றை ஓதிய பின்னரே பொருள் துணிதல் முறை.

சோர்வுற்றான் இப்பதிகத்திற் காணத்தக்க பொருள், தன் சார்பிற் பாடுவாரும் உளர் என்பது. அவனைச் சூழ்ந்தோர் காணத்தக்க பொருள், அவன் முகமலர்ச்சியை முடிந்த விடையாகக் கொள்ளாது, நம்பிகள் வினவியவாறு வினவுதல் தம் கடன் என்பது. முருகன்பூண்டிக்கும் புக்கொளியூருக்கும் இடைப்பட்ட அச்சாலையில், இரவு வேலை முடித்துத் தனியே நடந்து தன் அறைக்கு மீள்பவன் இன்றும் வழிச்செல்வானே. வழியில் அவன் இழந்தது யாது என்று ஒருவர் கேட்டல் வேண்டும். அவன் பாடமாட்டாத நாளில் அவன்பொருட்டு ஒருவர் பாடுதலும், அவனோடு மருத்துவரிடஞ் செல்லுதலும் வேண்டும். அவ்வாறு செய்வாரையே இப்பதிகம் வல்லார் எனக் கொள்ளும் எனல் மிகையாகாது.